மார்ச் மாதப் பிறப்புக்கல் அக்வாமரின்: கதை எது, குணம் எது, கொங்கு மண்ணின் பங்கு எது?

பங்குனிப்பூ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகள் மார்ச் மாதத்தில் பிறந்தவள். கப்பல் பொறியியல் படிப்பை முடித்துவிட்டு, விரைவில் பயிற்சிக்காகக் கப்பலில் ஏற இருக்கிறாள். அவளுக்கு ஒரு கல் பதித்த நகை கொடுக்க விரும்பிக் கடைக்குச் சென்றபோது, விற்பனையாளர் மார்ச் மாதத்துக்கு உரியவை என்று இரண்டு கற்களை எடுத்து வைத்தார். ஒன்று, கடலோரத்துத் தெளிநீர் போன்ற வெளிர்நீல அக்வாமரின். மற்றொன்று, கரும்பச்சையில் சிவப்புப் புள்ளிகள் தெறித்த இரத்தக்கல். அக்வாமரின் அணிந்தால் கடல் பயணத்தில் ஆபத்து வராது, மணவாழ்க்கையில் பிணக்கு வராது என்றெல்லாம் அவர் சொன்னார். ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்த இரண்டு நீலக்கற்களுக்கு ஏன் அவ்வளவு விலை வேறுபாடு என்று கேட்டபோது மட்டும் அவரிடம் தெளிவான பதில் இல்லை. வீட்டுக்கு வந்தால், ஜாதகம் பார்க்காமல் எந்தக் கல்லையும் வாங்கக் கூடாது என்று என் தாயார் தடுக்கிறார். இந்த மாதக்கணக்கு எங்கிருந்து வந்தது, ஒரே மாதத்துக்கு இரண்டு கற்கள் எப்படி வந்தன, கல்லின் உண்மையான குணங்கள் யாவை என்பவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மாதக்கணக்கில் தொடங்குகிறேன், அம்மா. எபிரேயரின் தலைமைக் குருவான ஆரோன் அணிந்த மார்புப் பதக்கத்தில் பன்னிரண்டு கற்கள் பதிக்கப்பட்டிருந்ததாகப் பழைய ஏற்பாடு கூறுகிறது. அந்தப் பன்னிரண்டை ஆண்டின் பன்னிரண்டு மாதங்களோடும் பன்னிரண்டு ராசிகளோடும் இணைத்து முதல் நூற்றாண்டில் ஜொசிஃபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதினார். புதிய ஏற்பாட்டின் வெளிப்படுத்தல் பகுதியில் விண்ணக நகரத்தின் அடித்தளங்களாகச் சொல்லப்படும் பன்னிரண்டு கற்களுள் எட்டாவதாக வருவது பெரில், அதாவது அக்வாமரின் சேர்ந்திருக்கும் கனிமக் குடும்பம். ஆயினும், பிறந்த மாதத்தின் கல்லை மட்டும் ஆயுள் முழுவதும் அணிவது என்ற வழக்கம் அவ்வளவு பழையதன்று. அது 16 முதல் 18-ஆம் நூற்றாண்டுக்குள் ஐரோப்பாவில், குறிப்பாகப் போலந்துப் பகுதியில் பரவியதாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதற்கு முன்பு, வசதி உள்ளவர்கள் பன்னிரண்டு கற்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு மாதத்துக்கு ஒன்றாக மாற்றி அணிந்தார்கள்.

இன்று நகைக்கடைகளில் தொங்கும் பட்டியலோ 1912-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கேன்சஸில் கூடிய நகை வணிகர் சங்கம் வகுத்தது. மார்ச் மாதத்துக்கு அதில் இரத்தக்கல்லும் அக்வாமரினும் சேர்ந்தே இடம்பெற்றன. முதலிடம் இரத்தக்கல்லுக்குத்தான். 1952-இல் பட்டியலைத் திருத்தியவர்கள் அக்வாமரினை முன்னுக்குக் கொண்டுவந்து, இரத்தக்கல்லை மாற்றுக்கல்லாக்கினார்கள். உங்கள் முன் இரண்டு கற்கள் வந்ததற்கான காரணம் இதுதான். அந்தத் திருத்தத்தில் வேறு சில மாதங்களுக்கும் புதிய கற்கள் சேர்க்கப்பட்டன. பட்டை தீட்டினால் மின்னக்கூடிய, ஒளி ஊடுருவும் கற்களுக்கு நகைக்கடையில் வரவேற்பு அதிகம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலைப் படித்தால் பலவும் புரியும். டிசம்பருக்கு 2002-இல் டான்சனைட்டும் ஆகஸ்டுக்கு 2016-இல் ஸ்பினலும் சேர்ந்தன. டான்சனைட் என்ற கல்லே 1967-இல்தான் தான்சானியாவில் கண்டெடுக்கப்பட்டது. அதற்கும் ஆரோனின் மார்புப் பதக்கத்துக்கும் என்ன உறவு இருக்க முடியும் என்பதை விற்பனையாளர்களிடம் கேட்டால் புன்னகைதான் பதிலாக வரும்.

உத்திரட்டாதி எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயா கூறியதை நான் மறுக்கவில்லை. சொல்லப்போனால், ஜோதிட நம்பிக்கை உள்ளவர்கள்தாம் அதை முதலில் ஏற்க வேண்டும். நம் முறையில் கல்லைத் தீர்மானிப்பவை லக்னமும் ராசியும் நடப்பு தசையுமே. ஆங்கில மாதத்துக்கு அதில் இடமே கிடையாது. மார்ச் மாதத்தின் முற்பாதி மாசியிலும் பிற்பாதி பங்குனியிலும் விழுகிறது, சூரியன் மாத நடுவில் கும்பத்திலிருந்து மீனத்துக்கு மாறுகிறார். ஆகவே மார்ச் 5-இல் பிறந்த குழந்தைக்கும் 25-இல் பிறந்த குழந்தைக்கும் ஒரே கல் என்று சொல்வது எங்கள் கணக்குக்கு ஒத்துவராது. நவரத்தினங்களில் அக்வாமரின் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாணிக்கம் சூரியனுக்கு, முத்து சந்திரனுக்கு, மரகதம் புதனுக்கு என்று செல்லும் அந்த வரிசைக்கு வெளியே உள்ள கற்களை உபரத்தினங்கள் என்போம். அக்வாமரினைச் சிலர் புதனுக்கும் சிலர் சனிக்கும் பரிந்துரைக்கிறார்கள். இதில் ஒருமித்த கருத்து இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எனவே அம்மா, இதை ராசிக்கல் என்று சொல்லி விற்றால் ஏற்காதீர்கள். பிறந்தநாள் பரிசு என்று வாங்கினால் உங்கள் தாயாருக்குத் தயக்கம் வேண்டியதில்லை. உபரத்தினம் கெடுதல் செய்யும் என்று எங்கள் பெரியவர்கள் யாரும் என்னிடம் சொன்னதில்லை. அந்த அச்சம் பெரும்பாலும் நவரத்தினங்களில் சனிக்கு உரிய நீலக்கல்லைச் சுற்றியதுதான், உங்கள் தாயாருக்கும் நீல நிறத்தைக் கேட்டவுடன் அதுதான் நினைவுக்கு வந்திருக்கும்.

சாணைக்கல் எழுதியது:

திருச்சிராப்பள்ளியில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டிப் பழகி, பிறகு இயற்கைக் கற்களுக்கு மாறியவன் நான். கல்லின் குணங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அக்வாமரினும் மரகதமும் ஒரே கனிமம். இரண்டும் பெரிலியம், அலுமினியம், சிலிக்கா ஆகியவை சேர்ந்த பெரில் என்பதை 1798-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோகலன் பகுத்துக் காட்டினார், பெரிலியம் என்ற தனிமமே அந்த ஆய்வில்தான் வெளிப்பட்டது. நிறம் தரும் பொருள்தான் வேறு. குரோமியமோ வனேடியமோ கலந்தால் மரகதப் பச்சை, இரும்பு கலந்தால் கடல் நீலம், மாங்கனீசு கலந்தால் இளஞ்சிவப்பு. கடினம் பத்து வரை செல்லும் மோவின் அளவுகோலில் ஏழரைக்கும் எட்டுக்கும் இடையில் இருப்பதால் அன்றாட அணிகலனுக்குத் தாங்கும். மரகதத்தை எடுத்தால் உள்ளே வெடிப்பும் பாசி போன்ற கலங்கலும் இல்லாத கல் அரிது, எண்ணெய் ஊட்டித்தான் பெரும்பாலும் சந்தைக்கு வரும். அக்வாமரின் அப்படியன்று. வெறும் கண்ணுக்குக் குறையே தெரியாத கல் சாதாரணமாகவே கிடைக்கும். ஆகவே உள்ளே கலங்கல் தெரியும் அக்வாமரினுக்கு, இயற்கைக்கல் என்றால் குறை இருக்கத்தான் செய்யும் என்று காரணம் சொல்லி முழு விலை கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பட்டை தீட்டுபவனுக்கு இந்தக் கல் வைக்கும் சோதனை ஒன்று உண்டு. பெரில் அறுகோணத் தூணாக விளையும். அந்தத் தூணை நுனியிலிருந்து நேராகப் பார்த்தால் நீலம் மிகவும் வெளிறித் தெரியும், பக்கவாட்டில் பார்த்தால்தான் நிறம் முழுமையாக வரும். எனவே கல்லின் மேல்முகம் தூணின் நீள அச்சுக்கு இணையாக அமையும்படி வெட்ட வேண்டும். எடையை மிச்சப்படுத்தும் ஆசையில் குறுக்கே வெட்டினால், அதே கல் நிறமற்ற கண்ணாடியாய் நிற்கும். நீள்சதுர வெட்டில் அக்வாமரின் அதிகம் கிடைப்பதற்குப் பாதிக் காரணம் இது. சிறிய கல்லில் நிறம் நிற்பதும் கடினம். மூன்று, நான்கு காரட்டுக்கு மேல் போனால்தான் பல கற்களில் நீலம் கண்ணுக்குத் தெரியும் அளவு திரளும்.

அடுத்து, சூடாக்குதல். பூமியிலிருந்து எடுக்கும்போது பெரும்பாலான கற்களில் மஞ்சள் அல்லது பச்சைச் சாயல் இருக்கும். ஏறத்தாழ 400 முதல் 450 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் மஞ்சள் விலகி நீலம் தனித்து நிற்கும், அது பின்னர் மாறாது. இதைக் குற்றமாக யாரும் கருதுவதில்லை. சூடாக்கியதா இல்லையா என்று கண்டுபிடிப்பதும் பெரும்பாலும் இயலாது, ஆகவே சூடுபடாத நீலம் என்று கூடுதல் விலை கேட்பவரிடம் விலகி நில்லுங்கள்.

எச்சரிக்கை தேவைப்படுவது வேறு இடத்தில். பிரேசிலின் மாக்சிக்சே சுரங்கத்தில் 1917-இல் கிடைத்த ஒரு வகைப் பெரில் ஆழ்ந்த நீலமாக இருந்தது. வெயிலில் வைத்தால் அந்த நீலம் வெளுத்துவிடும். வெளிறிய பெரிலைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி இதே நிறத்தை வரவழைக்க முடியும் என்பதால், ஆழ்ந்த மைநீலத்தில் மலிவாக ஒரு அக்வாமரின் கிடைத்தால் ஐயப்படுவது நியாயம். நீங்கள் பார்த்த விலை வேறுபாட்டுக்கு மிகவும் வழக்கமான விடையைக் கேட்டால், மலிவான கல் நீல டோபாஸாக இருக்கும் என்றே சொல்வேன். நிறமற்ற டோபாஸைக் கதிர்வீச்சுக்கும் சூட்டுக்கும் உட்படுத்தி நீலமாக்குவது 1970-களிலிருந்து பெருந்தொழிலாக நடக்கிறது. டோபாஸ் நல்ல கல்தான், அதன் பெயரில் விற்கும்வரை.

பங்குனிப்பூ எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி, ஐயா. டோபாஸா அக்வாமரினா என்பதைக் கடையில் நின்றபடி வாங்குபவர் அறிந்துகொள்ள வழி உண்டா?

நிறைகோல் எழுதியது:

உண்டு. ஆனால் கல் நகையில் பதிக்கப்படாமல் தனியாக இருக்க வேண்டும். நான் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவன், ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை மாணவர்களுக்கு இப்படித்தான் காட்டுவது வழக்கம்.

மில்லிகிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு போதும். முதலில் கல்லை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 5 காரட் கல் என்றால் சரியாக 1 கிராம் காட்டும். பிறகு ஒரு சிறிய கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசின்மேல் வைத்து, எண்ணைச் சுழியாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி, அதே வேளையில் குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி கையால் தொங்கவிடுங்கள். கல்லில் ஒட்டிய காற்றுக்குமிழிகளை முன்னதாகவே தட்டிவிட வேண்டும். இப்போது தராசு காட்டுவது கல் விலக்கிய நீரின் எடை. அக்வாமரின் ஆனால் ஏறத்தாழ 0.37 கிராம் காட்டும், டோபாஸ் ஆனால் 0.28 கிராம்தான் காட்டும். முதல் எடையை இரண்டாவதால் வகுத்தால் அக்வாமரினுக்கு 2.7-ஐ ஒட்டியும் டோபாஸுக்கு 3.5-ஐ ஒட்டியும் விடை வரும். செயற்கை ஸ்பினலுக்கு 3.6 வரும்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. இப்படி வகுத்து வரும் விடையை ஒப்படர்த்தி என்பார்கள், குவார்ட்ஸ் படிகத்துக்கு அது 2.65. சாயம் ஏற்றிய படிகத்தையும் பெரிலையும் இந்த எளிய தராசு திறமாகப் பிரித்துக் காட்டாது, கண்ணாடியிலும் பல அடர்த்திகள் உண்டு. அங்கே ஒளிவிலகல் எண்ணை அளக்கும் கருவி வேண்டும்.

சாணைக்கல் எழுதியது:

நிறைகோல் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கோபால்ட்டால் நிறமேற்றிய செயற்கை ஸ்பினலைச் சந்தையில் அக்வாமரின் என்றே தள்ளிவிடுவோர் உண்டு. செல்சி வடிகட்டி என்ற சிறிய வண்ணக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அந்த ஸ்பினல் சிவந்து தெரியும், அக்வாமரின் பச்சைச் சாயலிலேயே நிற்கும். எங்கள் தொழிலில் இருப்பவர்களின் சட்டைப்பையில் பத்து மடங்கு லென்ஸும் இந்த வடிகட்டியும் எப்போதும் இருக்கும்.

நொய்யல்கரை எழுதியது:

மாதக்கணக்கு கேன்சஸில் பிறந்ததாக இருக்கட்டும். கல் எங்கள் மண்ணில் பிறந்தது. அதைச் சொல்லாமல் இந்த இழை முடிந்துவிடக் கூடாது என்பதால் சற்று நீட்டி எழுதுகிறேன், பொறுத்தருள்க.

திருப்பூரிலிருந்து காங்கேயம் செல்லும் சாலையில் படியூர் என்ற ஊர் இருக்கிறது. நிலத்தடியில் பாறைக்குழம்பு கடைசியாக இறுகும்போது எஞ்சும் கரைசலில் பெரிலியம் போன்ற அரிய தனிமங்கள் திரண்டுவிடும். அது விரிசல்களில் புகுந்து இறுகும்போது பெக்மடைட் என்ற பருமணிப் பாறையாகும். ஃபெல்ட்ஸ்பார் எனப்படும் வெள்ளைக் களிக்கல்லும் படிகமும் காக்காப்பொன் என்று நாங்கள் சொல்லும் மைக்காவும் கலந்த அந்தப் பாறைதான் பெரிலின் தாய்வீடு. கரூர் முதல் காங்கேயம் வரையிலான நிலப்பகுதியில் இத்தகைய பாறைகள் நிறைய உண்டு. படியூரில் 1819-20 ஆண்டுகளில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பெரில் எடுத்தார் என்பது பதிவாகியிருக்கிறது. ஆனால் அவருக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே தொழில் நடந்தது.

சென்னிமலைக்கு அருகில், நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தது. பெரில், நீலம், படிகம், சூதுபவளம் முதலிய கற்களில் செய்த மணிகள் அங்கே கிடைத்தன. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை முழுமையான மணிகள் அல்ல. உடைக்கப்பட்ட மூலக்கல், விளிம்பு தட்டி உருட்டியது, மெருகேற்றித் துளை போடாமல் விட்டது, துளை போடும்போது பிளந்து எறியப்பட்டது என்று ஒவ்வொரு படிநிலையிலும் கற்கள் அங்கே சிதறிக் கிடந்தன. வேறோர் ஊரில் செய்து கொண்டுவந்த நகை அன்று, அங்கேயே பட்டறை போட்டு வேலை செய்தார்கள் என்பதற்கு அந்தக் கழிவுகளைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. பதிற்றுப்பத்தில் அரிசில் கிழார் பாடிய 'கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்' என்ற அடி இந்த ஊரைக் குறிப்பதாகவே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்.

வாங்கியவர்கள் எவர் என்பதற்கு ரோமானியர் பக்கமிருந்து சாட்சி இருக்கிறது. கி.பி. 79-இல் இறந்த பிளினி, பெரில் இந்தியாவில்தான் விளைகிறது, வேறெங்கும் அரிதாகவே கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறார். தெளிந்த கடலின் பச்சையை ஒத்த கல்லே உயர்ந்தது என்று தரம் பிரிக்கிறார். அவர் தரும் இன்னொரு செய்தி எனக்கு வியப்பளிப்பது. இந்தியர்கள் நீளமான பெரிலையே விரும்புகிறார்கள், தங்கம் தேவைப்படாத ஒரே கல் அதுதான் என்று பெருமை பேசுகிறார்கள், ஆகவே துளையிட்டு யானைமயிரில் கோத்துவிடுகிறார்கள் என்கிறார். நீளத் தூணாக விளையும் கல்லை நீளவாட்டில் விட்டால்தான் நிறம் நிற்கும் என்று மேலே சாணைக்கல் எழுதினார் அல்லவா, அதை எங்கள் ஊர்க் கைகள் அப்போதே அறிந்திருந்தன என்று எண்ணத் தோன்றுகிறது. பிளினியின் பாராட்டு அத்தோடு நிற்கவில்லை. படிகத்துக்குச் சாயம் ஏற்றிப் போலிக்கற்கள் செய்வதையும் இந்தியர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதிலும் முக்கியமாகப் பெரிலைத்தான் போலி செய்கிறார்கள் என்று குறைப்பட்டிருக்கிறார். நிறைகோல் ஐயாவின் தராசு பிரித்துக் காட்டாது என்று சொன்ன அதே சாயப்படிகம்!

மேற்குக் கடற்கரையின் முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் நோக்கி வந்த பெருவழியில்தான் கொடுமணல் இருந்தது. அந்த வழிநெடுகிலும் வெள்ளலூர், கத்தாங்கண்ணி போன்ற இடங்களில் ரோமானியக் காசுகள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன், உழுத காட்டில் குனிந்தபடியே நடந்து கல் பொறுக்குபவர்களைச் சிறுவயதில் நான் பார்த்திருக்கிறேன். மண் கழுவப்பட்டிருப்பதால் சாய்ந்த வெயிலில் கல் பளிச்சிடும். பொறுக்கியதைச் சேலை முந்தானையிலோ துண்டின் முனையிலோ முடிந்துவைத்திருந்து தரகரிடம் காட்டுவார்கள், பெரும்பாலும் படிகமாகவே இருக்கும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நொய்யல்கரை அவர்களின் பதிவை மிகவும் விரும்பிப் படித்தேன். ஓர் எச்சரிக்கையை மட்டும் பக்கத்தில் வைக்கிறேன். இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்கப் புவியியலாளர் தாலமி, பெரில் கிடைக்கும் இடமாகப் புன்னாட்டைக் குறிப்பிடுகிறார். அது இன்றைய கர்நாடகத்தில் கபினி ஆற்றை ஒட்டிய பகுதி. ஆகவே ரோமாபுரிப் பெண்கள் அணிந்த பெரில் அத்தனையும் படியூரிலிருந்தே போயிற்று என்று சொல்லிவிடக் கூடாது. அதைப் போலவே, இன்று கடையில் காட்டப்படும் அக்வாமரினைக் காங்கேயத்துக் கல் என்று சொன்னால் அதையும் எளிதில் நம்பிவிடக் கூடாது. சந்தைக்கு வருவதில் பெரும்பங்கு பிரேசிலின் மினாஸ் ஜெரைஸ் மாநிலத்திலிருந்தும், நைஜீரியா, மொசாம்பிக், மடகாஸ்கர் முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும், பாகிஸ்தானின் ஸ்கர்து மலைப்பகுதியிலிருந்தும் வருகிறது. பிரேசில் கற்களின் அளவு நம் கற்பனையை மீறியது. 1910-இல் மரம்பாயா என்ற இடத்தில் 110 கிலோவுக்கும் மேற்பட்ட ஒரே படிகம் கிடைத்தது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ள டோம் பெத்ரோ என்ற அக்வாமரின் 10,363 காரட் எடையுள்ளது. அதற்கு மூலமான படிகத்தைத் தோண்டியவர்கள் கைதவறிப் போட்டதில் அது மூன்றாக உடைந்து, அதில் பெரிய துண்டுதான் இந்தச் சிற்பமாயிற்று. எலிசபெத் அரசியாரின் முடிசூட்டுக்காக 1953-இல் பிரேசில் நாடு கொடுத்த பரிசும் அக்வாமரின் நகைதான்.

இனி, கடற்பயணக் கதை. கடற்கன்னியரின் பெட்டகத்திலிருந்து கரையொதுங்கிய கல், மாலுமிகள் கடல் தெய்வத்தின் உருவத்தை அதில் செதுக்கி அணிந்தார்கள் என்பவை எல்லா விற்பனைத் தாள்களிலும் காணப்படுகின்றன, ஆனால் எந்த நூலிலிருந்து எடுத்தார்கள் என்பதை அவை சொல்வதில்லை. இடைக்கால ஐரோப்பிய இரத்தின நூல்கள் பெரிலுக்குச் சொல்லும் பலன்கள் சற்று வேறு: கணவன் மனைவியிடையே அன்பை வளர்க்கும், கல்லை இட்டு வைத்த நீர் கண்நோய்க்கு மருந்து என்பவை. பெரிலை உருண்டையாகத் தீட்டி அதற்குள் எதிர்காலத்தைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டோரும் இருந்தார்கள். விற்பனையாளர் சொன்ன இரண்டு பலன்களில் மணவாழ்க்கைப் பலனுக்குத்தான் ஏட்டு ஆதாரம் கூடுதல்.

கடலோடி எழுதியது:

கப்பலின் எந்திர அறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். மாலுமிகளின் காப்புக்கல் என்று எவ்வளவு அழகாகச் சொன்னாலும், வேலை நேரத்தில் கையில் மோதிரமே இருக்கக் கூடாது என்பதுதான் கப்பலில் சேர்ந்தவுடன் கற்றுத் தரப்படும் பாடங்களில் ஒன்று. செங்குத்தான இரும்பு ஏணியில் இறங்கும்போது மோதிரம் ஓர் ஆணியிலோ கொக்கியிலோ மாட்டிக்கொண்டால், உடல் எடை முழுவதும் அந்த ஒற்றை விரலில் விழும், விரலே உரிந்துபோகும். சுழலும் எந்திரத்தின் அருகில் கழுத்துச் சங்கிலியும் அதே அளவு ஆபத்து. மின்பலகையில் வேலை செய்யும்போது உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. உங்கள் அக்காள் மகள் பொறியியல் பிரிவில் சேர்கிறாள் என்றால், கடற்பயணத்தில் காக்கும் என்று சொல்லி அவளைக் கழற்றாமல் அணியச் சொல்லாதீர்கள், அம்மா. கரைக்கு வரும்போது அணிந்துகொள்ளட்டும். அவளே இதைச் சொல்லத் தயங்கினாலும் தயங்குவாள் என்பதால் எழுதினேன்.

உத்திரட்டாதி எழுதியது:

கடலோடி அவர்களின் கருத்தே முதன்மையானது. வேலை நேரத்தில் கழற்றிவைப்பதால் கல்லின் பலன் போய்விடும் என்று எங்கள் தரப்பிலிருந்து யாரேனும் சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். பூஜை அறையில் வைத்துவிட்டுப் போவது நம் வீடுகளில் காலங்காலமாக உள்ள வழக்கம்தான். சாணைக்கல் அவர்களிடம் எனக்கும் ஓர் ஐயம் உண்டு. மரகதமும் இதுவும் ஒரே கனிமம் என்றால், மரகதம் வாங்க வசதி இல்லாதவர்கள் புதனுக்கு இதை அணியலாம் என்று சிலர் சொல்வதில் பொருள் உண்டா?

சாணைக்கல் எழுதியது:

கனிமம் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் முன்னோர்கள் கற்களைப் பிரித்தது நிறத்தையும் நீரோட்டம் எனப்படும் உள்ளொளியையும் பார்த்துத்தான், வேதியியல் சேர்க்கையைப் பார்த்து அன்று. வேதியியலை வைத்து மாற்றுக்கல் தேடினால் மாணிக்கத்துக்கு மாற்றாக நீலத்தை அணியலாம் என்று ஆகிவிடும், ஏனெனில் அவையிரண்டும் குருந்தம் என்ற ஒரே கனிமம். அதை நீங்களே ஏற்க மாட்டீர்கள், ஐயா!

உத்திரட்டாதி எழுதியது:

நிச்சயமாக ஏற்க மாட்டேன். சூரியனும் சனியும் ஒரே பெட்டியிலா? விளக்கத்துக்கு நன்றி.

பங்குனிப்பூ எழுதியது:

இரத்தக்கல்லைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லையே. விலை குறைவாக இருந்ததால் அதையும் மனத்தில் வைத்திருந்தேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

கதைச் செல்வத்தில் அதுவே மூத்தது, அம்மா. சிலுவையின் அடியில் கிடந்த பச்சைக்கல்லில் கிறிஸ்துவின் குருதி சொட்டியதால் அந்தப் புள்ளிகள் வந்தன என்பது இடைக்காலக் கிறித்தவ மரபு. குருதியை நிறுத்தும் என்று நம்பிக் காயத்தின்மேல் வைத்தார்கள். குறிப்பிட்ட மூலிகையோடு சேர்த்து வைத்திருப்பவர் பிறர் கண்ணுக்குத் தெரியமாட்டார் என்று மந்திரவாதிகள் சொன்னதைப் பிளினி எழுதிவிட்டு, அவர்களின் துணிச்சலுக்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா என்று எள்ளியும் இருக்கிறார். 1870-இல் அமெரிக்காவின் டிஃபனி நகை நிறுவனம் வெளியிட்ட மாதக்கற்களின் பாடலில், மார்ச்சில் கண் திறந்தவர் அறிவும் ஆபத்தில் உறுதியும் பெற இரத்தக்கல்லையே அணிய வேண்டும் என்று வருகிறது. அப்போது அங்கே அக்வாமரினுக்கு இடமில்லை.

கனிமமாகப் பார்த்தால் அது கால்சிடனி, அதாவது மிக நுண்ணிய குவார்ட்ஸ். சிவப்புப் புள்ளிகள் இரும்பு ஆக்சைடு. கடினம் ஆறரை முதல் ஏழு. இந்தியாவில் குஜராத்தின் காம்பத் நகரம் நெடுங்காலமாக இத்தகைய கற்களைத் தீட்டிவருகிறது. ஒளி ஊடுருவாத கல் என்பதால் பட்டை வெட்டு இதற்குப் பொருந்தாது, தட்டையாகவோ குமிழாகவோதான் தீட்டுவார்கள். ஐரோப்பாவில் முத்திரை மோதிரத்துக்கு இதை விரும்பினார்கள். என் தனிப்பட்ட விருப்பத்தைக் கேட்டால், புள்ளிகள் நன்றாகத் தெறித்த ஓர் இரத்தக்கல்லுக்கு முன் வெளிறிய அக்வாமரின் நிற்காது.

பங்குனிப்பூ எழுதியது:

கலந்து பேசி முடிவெடுத்துவிட்டோம். சற்றே பச்சை கலந்த அக்வாமரினையே பதக்கமாகச் செய்யச் சொல்ல இருக்கிறேன். பதிப்பதற்கு முன் கல்லைத் தனியாக ஓர் ஆய்வகத்தில் சோதித்துச் சான்றிதழ் தரக் கடைக்காரர் ஒப்புக்கொண்டுவிட்டார், மலிவான மற்றொரு கல்லுக்கு அதே சான்றிதழைக் கேட்டபோது அவர் பேச்சை மாற்றிவிட்டார். தாயாருக்கும் உத்திரட்டாதி ஐயாவின் பதிலைப் படித்துக் காட்டினேன். கடைசியாக ஒரு கேள்வி: அடிப்பக்கம் மூடிப் பதிக்கட்டுமா, திறந்து பதிக்கட்டுமா என்று ஆசாரி கேட்கிறார்.

சாணைக்கல் எழுதியது:

திறந்தே பதிக்கச் சொல்லுங்கள். வெளிர்நிறக் கல்லுக்குப் பின்பக்கத்திலிருந்தும் ஒளி வர வேண்டும். மூடிய பதிப்பில் பின்னால் நீலத்தகடு வைத்து நிறத்தைக் கூட்டிக்காட்டுவதும் உண்டு, அந்த வழியும் இதனால் அடைபடும். எண்ணெய்ப் பசை படிந்தால் அக்வாமரின் சட்டென்று மங்கித் தெரியும், திறந்த பதிப்பில் அடிப்பக்கத்தைத் துலக்குவது எளிது. வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புக் கரைத்து, மிருதுவான பல்துலக்கியால் பின்பக்கத்தைத் தேய்த்துக் கழுவினால் போதும். நகையைச் சரிசெய்ய நேர்ந்தால் ஆசாரியின் ஊதுகுழல் தீ கல்லின்மேல் நேரே படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பச்சைச் சாயலை விரும்பித்தானே வாங்குகிறீர்கள், அந்தச் சூட்டில் அது போய்விடக்கூடும்.